ஒரு நானோமீட்டர் இடுக்குக்கு எதை வாங்கலாம்: தங்கச் சில்லு, கூழ்மம், தயோல் பற்றி ஒரு மதிப்புரை

வேலூரோ ஆரணியோ திருப்பத்தூரோ, பழைய வடாற்காட்டுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் 'நானோ' ப்ராஜெக்ட் என்றால் பெரும்பாலும் ஜிங்க் ஆக்சைடு தூள் தயாரித்து எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது) எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அதே மாணவர்களால் இரண்டு தங்கப் பரப்புகளுக்கு நடுவே ஒரு நானோமீட்டர் இடுக்கை உண்டாக்கி, அதற்குள் ஒளி என்ன செய்கிறது என்று அளக்கவும் முடியும். லித்தோகிராஃபி (நுண்வடிவம் செதுக்கும் முறை) வேண்டாம், தூசியில்லாச் சுத்த அறை வேண்டாம். விலைக்குக் கிடைக்கும் மூன்று பொருள்கள் போதும்: உரித்தெடுக்கும் தங்கச் சில்லு, 80 நானோமீட்டர் தங்கக் கூழ்மம் (தண்ணீரில் மிதக்கும் தங்க உருண்டைகள்), ஒரு தயோல் (கந்தக முனையால் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றை அடுக்காக நிற்கும் மூலக்கூறு). மூன்றையும் எதைப் பார்த்து வாங்குவது, வேலூர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் எது தாங்கும், எது கெடும் என்று இங்கே பார்க்கிறோம். நானோமீட்டரை இனி நா.மீ. என்றே எழுதுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பணத்தில் பெரும்பங்கு தங்கச் சில்லுக்கு, அதாவது உருண்டைகள் உட்காரும் தங்க ஆடிக்கு, போகட்டும். கூழ்மம் நல்ல தரத்தில், ஒரே பேட்ச்சில், ஒரு பாட்டில் இருந்தால் ஒரு வருட ப்ராஜெக்ட்டுக்குத் தாராளம். தயோல் மிகக் கொஞ்சமே செலவாகும். ஆனால் இடுக்கின் அளவைத் தீர்மானிப்பது அதுதான் என்பதால் ஒன்றுக்கு இரண்டு வகை வாங்குங்கள். விளம்பரத்தில் 'குவாண்டம்' என்று இருப்பதற்காக மட்டும் கூடுதல் விலை தராதீர்கள். 1 நா.மீ. இடுக்கில் தெரிவதில் மிகப் பெரும்பகுதி மாக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குள் அடங்கும் செவ்வியல் இயற்பியல்தான். அதைச் சரியாக அளந்தாலே அது அருமையான ப்ராஜெக்ட்.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்குக் கொஞ்சம் இயற்பியல் தேவை. தங்க உருண்டைக்குள் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தோடு சேர்ந்து ஆடுவதே பிளாஸ்மான். தண்ணீரில் மிதக்கும் 80 நா.மீ. உருண்டைக்கு ஒத்ததிர்வு 550 நா.மீ. பக்கம் வரும். அதே உருண்டையை, நடுவில் 1.3 நா.மீ. மூலக்கூறு அடுக்கு வைத்து, சமதளத் தங்கத்தின்மேல் உட்காரவைத்தால், உருண்டையின் மின்னூட்டமும் ஆடிக்குள் தெரியும் அதன் பிம்ப மின்னூட்டமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆடிக்கு இணையாக ஆடும் முறை 530, 540 பக்கமே நிற்கிறது. செங்குத்தாக ஆடும் முறை, அதாவது இடுக்கு முறை, 800 நா.மீ. பக்கம் போய்விடுகிறது. புலம் இடுக்குக்குள் குவிகிறது. மூலக்கூறுகள் ஒளியை நிறம் மாற்றிச் சிதறடிக்கும் ராமன் சிதறல் ஏறத்தாழ புலப்பெருக்கத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால், புலம் 100 மடங்கு கூடினால் ராமன் சிக்னல் 10 கோடி மடங்கு கூடும். 1928இல் ராமன் கண்ட மெல்லிய ஒளி, இங்கே ஒற்றை உருண்டையிலிருந்து ஒரு நொடி பதிவிலேயே தெளிவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

செவ்வியல் கணக்கில் இடுக்கைக் குறைக்கக் குறைக்க ஒத்ததிர்வு முடிவில்லாமல் சிவப்புப் பக்கம் நகர்ந்துகொண்டே போகும், புலமும் முடிவில்லாமல் ஏறும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. இரண்டு தடைகள் குறுக்கே வருகின்றன, அவை வரும் தூரங்கள் வேறு வேறு. முதலாவது தடை உலோகத்தின் தோலில் இருக்கிறது. பாடப்புத்தகம் மின்னூட்டத்தைத் தடிமனே இல்லாத பரப்பில் வைக்கிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அந்த மின்னூட்டம் 0.1, 0.2 நா.மீ. அளவுக்கு உள்ளே பரவியிருக்கும். இடுக்கு 20 நா.மீ. என்றால் இது கணக்கிலேயே வராது. 1 நா.மீ. என்றால் இடுக்கே அகன்றதுபோல ஒளிக்குத் தெரியும், சிவப்பு நகர்வு கணக்கிட்டதைவிடக் குறையும். டியூக் பல்கலைக்கழகக் குழு 2012இல் தங்கப் படலத்தின்மேல் தங்க உருண்டைகளை வைத்து, நடுவில் மூலக்கூறு அடுக்குகளை மாற்றி மாற்றி, இதைத்தான் காட்டியது. இரண்டாவது தடை டன்னலிங். இடுக்கு ஏறத்தாழ 0.4 நா.மீ.க்குக் கீழே போனதும் எலக்ட்ரான்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவத் தொடங்குகின்றன. இடுக்கே மின்கடத்தியாகி, உள்ளே இருந்த புலம் சரிந்து, ஒத்ததிர்வு நீலப்பக்கம் திரும்புகிறது. கேம்பிரிட்ஜ் குழு தங்கம் பூசிய இரண்டு ஊசிமுனைகளை நெருக்கிக் கொண்டுவந்து, 0.3 நா.மீ. அளவில் இந்தத் திருப்பத்தை 2012இல் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் வெள்ளித் துகள் ஜோடிகளில் எலக்ட்ரான் கற்றையால் இதையே பார்த்தார்கள்.

அப்படியானால் 1.3 நா.மீ. தயோல் இடுக்கில் முதல் தடை லேசாகத் தெரியும், வெறும் இடைவெளியில் நடக்கும் டன்னலிங் தெரியாது. வாங்கும்போது இதை மறக்க வேண்டாம்.

இப்போது ஆடிக்கு வருவோம். கண்ணாடித் தகட்டில் குரோமியம் தடவி, அதன்மேல் ஸ்பட்டர் செய்த தங்கம்தான் எளிதில் கிடைப்பது. இந்த வேலைக்கு அதை வாங்கவே கூடாது. அதன் மேடுபள்ளம் எளிதாக 1 நா.மீ.யைத் தாண்டும். இடுக்கே 1.3 நா.மீ. என்னும்போது, ஆடியின் மேடுபள்ளமும் அதே அளவில் இருந்தால், ஒவ்வொரு உருண்டைக்கும் கீழே ஒவ்வொரு இடுக்கு. நூறு உருண்டைகளை அளந்தாலும் நூறு விடைதான் வரும். வாங்க வேண்டியது வார்ப்பிலிருந்து உரித்தெடுக்கும் தங்கம். மெருகேற்றிய சிலிக்கான் தகட்டில், ஒட்டுப்படலம் எதுவும் இல்லாமல், 100 நா.மீ. தங்கத்தை ஆவியாக்கிப் படியவைப்பார்கள். அதன்மேல் சிறு சிலிக்கான் துண்டுகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டுவார்கள். துண்டை நெம்பினால் தங்கம் எபாக்ஸியோடு வந்துவிடும். சிலிக்கானைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம் இப்போது மேலே இருக்கும், சிலிக்கானின் வழவழப்பு அப்படியே தங்கத்துக்கு வந்திருக்கும்: மேடுபள்ளம் அரை நா.மீ. அளவில் அல்லது அதற்கும் கீழே. 100 நா.மீ. தடிமன் போதும், கண்ணுக்குத் தெரியும் ஒளி தங்கத்துக்குள் 25, 30 நா.மீ.தான் இறங்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: சில்லுகள் உரிக்காத நிலையில் வருமா, அடியில் குரோமியமோ டைட்டானியமோ இல்லையே, ஏஎஃப்எம் (பரப்பை ஊசிமுனையால் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கி) படத்தில் ஆர்எம்எஸ், அதாவது மேடுபள்ளத்தின் சராசரி அளவு, எவ்வளவு, எந்தப் பரப்பளவில் எடுத்தது. கடைசிக் கேள்வி மிக முக்கியம். 200 நா.மீ. சதுரத்தில் எடுத்த படம் எந்தத் தங்கத்தையும் வழவழப்பாகக் காட்டிவிடும், குறைந்தது 1 மைக்ரான் சதுரம் கேளுங்கள். உரித்துவிட்டு அனுப்பும் சில்லு வேண்டாம். புதிதாகத் திறந்த தங்கம் காற்றிலிருக்கும் ஹைட்ரோகார்பன்களைச் சற்று நேரத்திலேயே பிடித்துக்கொள்ளும். கூரியரில் நாலு நாள் கிடந்த தங்கத்தில் தயோல் அடுக்கு சீராக அமையாது.

கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ தெர்மல் எவாபரேட்டர் (உலோகத்தை வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கும் கருவி) இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். 4 அங்குலத் தகட்டில் 100 நா.மீ. தங்கத்தின் எடை சுமார் 15 மில்லிகிராம்தான். ஆனால் ஆவி கருவியின் அறை முழுக்கப் பரவுவதால் படகில் (தங்கத்தை வைத்துச் சூடாக்கும் சிறு தொட்டியில்) அதைப்போலப் பல மடங்கு வைக்க வேண்டியிருக்கும். தங்கம் 99.99 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நகைக்கடை 916 தங்கத்தில் செம்பும் வெள்ளியும் உண்டு, அவை வேறு வேறு வேகத்தில் ஆவியாகும், படலத்தின் கலவையே மாறிவிடும். அழுத்தம் 10இன் அடுக்கு கழித்தல் 6 டார். வேகம் விநாடிக்கு 0.1 நா.மீ.யைத் தாண்டக் கூடாது. எபாக்ஸி 150 டிகிரி பக்கம் இறுகும் ரகமாக இருக்கட்டும், கரைப்பான் கலந்தது வேண்டாம். இறுகிய பின் அடுப்பைத் திறந்துவிடாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஆறினால்தான் தங்கத்தில் விரிசல் விழாது. 1 செ.மீ. துண்டுகளாக ஒட்டினால் ஒரு தகட்டிலிருந்து 50 சில்லுகள் வரை கிடைக்கும். உரிக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. இந்த மதிப்புரையில் நாங்கள் முழு மதிப்பெண் தரும் பொருள் இது ஒன்றுதான்.

அடுத்தது கூழ்மம். 80 நா.மீ., சிட்ரேட் பூச்சு, ஒளி அடர்த்தி (கூழ்மம் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) 1 என்று போட்ட பாட்டிலில் மில்லி லிட்டருக்குச் சுமார் 1,100 கோடி உருண்டைகள் இருக்கும். தங்கமாக எடை போட்டால் மில்லி லிட்டருக்கு 57 மைக்ரோகிராம். பாட்டிலோடு வரும் தரச்சீட்டில் பார்க்க வேண்டியது மூன்று. விட்டத்தின் சிதறல் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் உங்கள் பேட்ச்சினுடையதாக இருக்க வேண்டும். பூச்சு சிட்ரேட்டாக மட்டும் இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிவிபி, பெக் என்ற பாலிமர்களோ சிடிஏபி என்ற சோப்பு போன்ற பொருளோ பூசிய கூழ்மங்கள் பாட்டிலில் நீண்ட நாள் நிலையாக இருக்கும், விலையும் சில சமயம் குறைவு. ஆனால் அந்தப் பூச்சுகளே சில நா.மீ. தடிமன் உள்ளவை. உங்கள் 1.3 நா.மீ. தயோலுக்கு மேல் அதுவும் சேர்ந்துகொண்டால் இடுக்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, இடுக்கு முறையும் 800க்கு வராமல் 600களிலேயே நின்றுவிடும்.

வந்த பாட்டிலை அன்றே யூவி-விசிபிள் கருவியில் அளந்து, அந்தக் கோட்டைப் பதிந்து வையுங்கள். உச்சி 550 பக்கம் இருக்க வேண்டும். 700 நா.மீ.க்கு மேல் வால் நீண்டு கிடந்தால் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. பாட்டிலின் அடியில் சிவப்பாகப் படிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 80 நா.மீ. தங்கம் தண்ணீரில் நாளொன்றுக்கு 5 மி.மீ. வீதம் தானாகவே இறங்கும், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சுழற்றியும் கலையாத கருநீலப் படலம்தான் கெட்டதற்கு அடையாளம்.

வேலூரில் கூழ்மத்துக்கு முதல் எதிரி தண்ணீர், வெயில் அதற்கு அடுத்துதான். பாலாற்றுப் படுகையில், குறிப்பாக வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் பகுதிகளில், நிலத்தடி நீரில் உப்பு அதிகம். தோலை உப்புப் போட்டுப் பதப்படுத்துவதால் கழிவில் குளோரைடு வருகிறது. கடினத்தன்மையால் கால்சியமும் மெக்னீசியமும் வேறு இருக்கின்றன. உருண்டைகளைப் பிரித்து வைத்திருப்பது சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டம். உப்பு அந்த மின்னூட்டத்தின் வீச்சைச் சுருக்கிவிடும், இரட்டை மின்னூட்டமுள்ள கால்சியம் சோடியத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுருக்கும். சோதனைக் குழாயைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு அதில் கூழ்மத்தை ஊற்றினால் உருண்டைகள் கொத்துக் கொத்தாகிவிடும். கேன் தண்ணீரும் போதாது, பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் நம்ப முடியாது. 18.2 மெகாஓம் தரத்தில் வேண்டும். உயிர்வேதியியல் துறையிலோ மருத்துவ ஆய்வகத்திலோ அந்தக் கருவி இருந்தால் ஒரு லிட்டர் வாங்கிவைத்தாலே பல வாரங்களுக்குப் போதும். கண்ணாடிக் குப்பியில் வாங்கி, இறுக மூடி வையுங்கள்.

வெயிலைப் பற்றி: கத்திரி வெயிலில் கூரியர் வண்டியில் இரண்டு மூன்று நாள் 40 டிகிரியில் கிடந்தாலும் சிட்ரேட் கூழ்மம் பொதுவாகத் தப்பிவிடும். உறைந்தால்தான் தப்பாது. பனிக்கட்டி தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பையும் உருண்டைகளையும் ஓரத்துக்குத் தள்ளும், அவை ஒட்டிக்கொண்டு பிறகு பிரியவே பிரியாது. அதனால் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள், கதவுத் தட்டில் வையுங்கள். திறந்த பாட்டிலில் நாளடைவில் பூஞ்சை வரும். 50 மி.லி. பாட்டில் வந்ததும் சுத்தமான 5 மி.லி. குப்பிகளில் பிரித்து வைத்தால் ஒரு தவறில் மொத்தமும் போகாது.

தயோலில் எங்கள் பரிந்துரை பைஃபீனைல்-4-தயோல். அடுக்கு 1.3 நா.மீ., ராமனில் 1080, 1280, 1586 ஆகிய அலை எண்களில் வலுவான கோடுகள், எளிதில் அடையாளம் காணலாம். மூலக்கூறு எடை 186.27. 10 மி.லி. எத்தனாலில் 1 மில்லிமோலார் கரைசலுக்கு 1.9 மில்லிகிராம் போதும். அவ்வளவு சிறிய எடையைக் கல்லூரித் தராசு சரியாகக் காட்டாது. 18.6 மில்லிகிராமை 10 மி.லி.யில் கரைத்து, அதில் 1 மி.லி. எடுத்து 9 மி.லி. எத்தனால் சேருங்கள். எத்தனால் நீரற்றதாக இருக்க வேண்டும். சில்லை உரித்த ஐந்து நிமிடத்துக்குள் உள்ளே போட்டு, ஓரிரவு விடுங்கள். குப்பி கண்ணாடி, மூடி டெஃப்லான், மேலே பாராஃபில்ம். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் எத்தனால் பிளாஸ்டிக்கிலிருந்து சேர்மங்களை இழுக்கும். மூடி தளர்ந்திருந்தால் மே மாத இரவில் எத்தனால் பாதி பறந்து, காலையில் சில்லின்மேல் வெள்ளைப் படிவு இருக்கும். அது அடுக்கின்மேல் அடுக்காகப் படிந்த தயோல். எடுத்ததும் எத்தனாலால் நன்றாகக் கழுவி நைட்ரஜனால் ஊதுங்கள்.

பிறகு கூழ்மம் 20 மைக்ரோ லிட்டர் சொட்டு, ஒன்றிரண்டு நிமிடம். 10 சதுர மைக்ரானுக்கு ஓர் உருண்டை என்ற அளவில் ஒட்டினால் சரி. அதைவிட நெருங்கினால் நுண்ணோக்கியில் தனித்தனியாக அளக்க முடியாது. 5 மி.மீ. சதுரத்துக்கு அது 25 லட்சம் உருண்டைகள். ஒரு சொட்டில் 22 கோடி இருக்கின்றன. நூற்றில் ஒன்று ஒட்டினாலே போதும் என்பதால் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஒட்டவே இல்லை என்றால் சொட்டில் சோடியம் நைட்ரேட் 5 முதல் 10 மில்லிமோலார் அளவுக்குச் சேர்த்து உடனே வையுங்கள். குழாய்த் தண்ணீர் தாறுமாறாகச் செய்வதை அளவோடு செய்வதுதான் இது. ஏசி இல்லாத அறையில் சொட்டின் ஓரம் காய்ந்து வளையமாகும். ஈரத் துணி வைத்த பெட்ரி தட்டால் மூடுங்கள். காயவிடாமல் தூய நீரால் கழுவி ஊதுங்கள்.

அளக்கும்போது நிறையப் பேரைத் திணறவைப்பது நுண்ணோக்கிதான், சில்லில் குறை இருக்காது. இருட்புல நுண்ணோக்கியில் (பின்னணி இருண்டு, சிதறும் ஒளி மட்டும் தெரிவது) 100 மடங்கு, 0.9 என்ஏ (ஒளியைச் சேர்க்கும் கோணத்தின் அளவு) லென்ஸ் வேண்டும். பல கல்லூரி நுண்ணோக்கிகளில் விளக்குக்கு முன்னால் வெப்பம் தடுக்கும் வடிகட்டி இருக்கும், அது 700 நா.மீ.க்கு மேல் உள்ள ஒளியைத் தின்றுவிடும். இடுக்கு முறை 800இல் நன்றாகவே இருக்கும், ஆனால் நிறமாலையில் 540 உச்சி மட்டும் தெரியும், மாணவர் சில்லு கெட்டது என்று எழுதிவிடுவார். வடிகட்டியை எடுத்துவிட்டு, வெள்ளைப் பரப்பு ஒன்றின் நிறமாலையால் வகுத்துப் பாருங்கள். இன்னொன்று: லென்ஸின் குவியம் 540இலும் 800இலும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு குவியத்தில் மட்டும் எடுத்தால் இரண்டு உச்சிகளின் விகிதம் பொய். உயரத்தைச் சிறு சிறு படியாக மாற்றி எடுத்து, ஒவ்வொரு அலைநீளத்துக்கும் அதிகபட்சத்தை எடுங்கள். கேமராவில் நல்ல உருண்டை நடுவில் பச்சையாகவும் சுற்றிச் சிவப்பு வளையமாகவும் தெரியும். வளையம் செங்குத்து ஆட்டத்தின் அடையாளம். நீள்வட்டமாகவோ பளிச்சென்ற மஞ்சளாகவோ தெரிவது பெரும்பாலும் இரண்டு மூன்று ஒட்டிய கொத்து, அதை விட்டுவிடுங்கள்.

ராமனுக்கு 633 அல்லது 785 நா.மீ. லேசர். 633க்கு 0.9 லென்ஸில் புள்ளி 0.86 மைக்ரான் வரும், அதனால்தான் உருண்டைகள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். திறன் 10 மைக்ரோவாட்டில் தொடங்குங்கள். சில மில்லிவாட் போட்டால் தங்க அணுக்களே நகர்ந்து, உருண்டையின் அடி தட்டையாகி, இடுக்கு முறை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக்கு ஓடும். அளவு திருத்தத்துக்கு 520.7 அலை எண்ணில் வரும் சிலிக்கான் கோட்டைச் சில்லில் தேடாதீர்கள், சிலிக்கான் தங்கத்துக்கும் எபாக்ஸிக்கும் அடியில் இருக்கிறது. தனிச் சிலிக்கான் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருள்களின் பெரிய குறை உருண்டைகளின் உருவம். சிட்ரேட் கூழ்மத்து 'உருண்டை' உண்மையில் பல முகங்கள் வெட்டிய படிகம். எந்த முகம் ஆடியில் உட்காருகிறது, அதன் அகலம் 10 நா.மீ.யா 30 நா.மீ.யா என்பது உருண்டைக்கு உருண்டை மாறும். முகம் அகன்றால் இடுக்கு முறை சிவப்பில் பல பத்து நா.மீ. நகரும். தயோலில் ஒரு கார்பன் கூட்டினால் இடுக்கு கூடுவது 0.1 நா.மீ. சொச்சம்தான். அந்த நகர்வை முகச் சிதறல் எளிதில் மூழ்கடித்துவிடும். பத்து உருண்டைகளை அளந்துவிட்டு 'நகர்வு தெரிந்தது' என்று எழுதுவது செல்லாது. ஒவ்வொரு சில்லிலும் நூற்றுக்கணக்கில் அளந்து, உச்சிகளின் பரவலை வரைந்து, பரவலின் நடுவை ஒப்பிட வேண்டும். ஒரே பேட்ச் கூழ்மம் என்று முன்பு வலியுறுத்தியதும் இதனால்தான். பேட்ச் மாறினால் முகங்களும் மாறும்.

அப்படியானால் குவாண்டம் விளைவை இந்தப் பொருள்களால் காட்டவே முடியாதா? முடியும், இரண்டாவது தயோல் அதற்குத்தான். பைஃபீனைல்-4,4'-டைதயோல் வாங்குங்கள். நீளத்தில் முதலாவதற்கு இணை, ஆனால் இரண்டு முனையிலும் கந்தகம். முதலாவது ஆடியை மட்டும் பிடிக்கும், இது ஆடியையும் உருண்டையையும் பிடித்துப் பாலமாகி, எலக்ட்ரான்களுக்கு வழிவிடும். இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து அடுக்கு அமைத்தால் இடுக்கின் தடிமன் ஏறத்தாழ மாறாது, கடத்துதிறன் மட்டும் மாறும். டைதயோல் கூடக் கூட இடுக்கு முறை நீலப்பக்கம் நகரும். வடிவியல் ஒன்றே, கடத்தல் வேறு என்பதால், இந்த நகர்வை முகத்தின்மேலோ தடிமன்மேலோ பழிபோட முடியாது. இடுக்கு 0.4 நா.மீ. வரை குறைய வேண்டியதும் இல்லை, மூலக்கூறு வழியாகப் போகும் டன்னலிங் இன்னும் அகன்ற இடுக்கிலும் நடக்கும். சிங்கப்பூர்க் குழு 2014இல் வெள்ளிக் கனசதுரங்களுக்கு நடுவே மூலக்கூறுகளை மாற்றி இதைக் காட்டியது. டைதயோல் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதன் கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து, எத்தனாலில் நைட்ரஜனைக் குமிழவிட்ட பிறகே கரையுங்கள்.

கணினிக் கணக்கு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எம்ஐடியில் உருவான இலவச மென்பொருள் மீப் நல்லதுதான், ஆனால் அதன் கட்டம் எங்கும் ஒரே அளவு. 200 நா.மீ. கனசதுரத்தை 0.2 நா.மீ. கட்டமாகப் பிரித்தால் 100 கோடி அறைகள். மின்புலம் மூன்று, காந்தப்புலம் மூன்று, எண்ணுக்கு 8 பைட் என்றால் புலங்களுக்கு மட்டுமே 48 ஜிபி நினைவகம். கல்லூரி 8 ஜிபி கணினியில் இது நடக்காது. உருண்டையும் ஆடியும் செங்குத்து அச்சைச் சுற்றிச் சமச்சீர் என்பதால் உருளை ஆயத்தில் இரு பரிமாணமாக ஓட்டுங்கள், கைக்கு அடங்கும். இல்லையென்றால் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தின் எம்என்பிபெம் மென்பொருள் இருக்கிறது. அது பரப்பை மட்டும் முக்கோணங்களாகப் பிரிக்கும், இடுக்குப் பக்கத்து முக்கோணங்கள் இடுக்கின் அளவுக்கே சிறிதாக இருக்க வேண்டும், மேட்லாப் தேவை. எதில் ஓட்டினாலும் தங்கத்துக்கு ஜான்சன், கிறிஸ்டி 1972இல் அளந்த ஒளிவிலகல் எண்களே பழகிய தொடக்கம். விடை நிலைத்து நின்றதாலேயே அது உண்மை என்று ஆகிவிடாது. 0.3 நா.மீ. இடுக்குக்குச் செவ்வியல் மென்பொருள் தரும் எண் எவ்வளவு நுணுக்கமான கட்டத்தில் வந்தாலும் பிழைதான். அங்கே 2012இல் வந்த குவாண்டம் திருத்த முறைப்படி இடுக்கில் ஒரு கற்பனைக் கடத்தியை நிரப்பிக் கணக்கிட வேண்டும்.

80 நா.மீ. பாட்டிலோடு 40 நா.மீ. பாட்டிலும் வாங்கலாமா என்று கேட்டால்: முதல் வருடம் வேண்டாம். 40 நா.மீ. உருண்டையின் சிதறல் மிக மங்கல், இருட்புலத்தில் அளக்கப் பழகிய கை வேண்டும். மெத்திலீன் புளூ மூலக்கூறு ஒன்றோடு ஒளி வலுவாகப் பிணைவதை அறை வெப்பநிலையில் காட்டிய 2016ஆம் ஆண்டுச் சோதனை 40 நா.மீ. உருண்டையும் 0.9 நா.மீ. இடுக்கும் கொண்டது. சாயத்தின் உறிஞ்சல் 660 நா.மீ. பக்கம் இருப்பதால் இடுக்கு முறையை அங்கே கொண்டுவரச் சிறிய உருண்டை தேவைப்பட்டது. சாயத்தை நிமிர்த்தி நிறுத்தக் குக்குர்பிட்டுரில் என்ற குடுவை மூலக்கூறும் வேண்டும். அது அடுத்த கட்டம்.

ராமன் கருவி இல்லாத கல்லூரிகள் சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் (நுண்கருவி மையம்) போன்ற கட்டண மையங்களை நாடலாம். தங்கம் படியவைக்கும் வசதிக்குப் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் நானோ மையம் ஐ.என்.யு.பி. திட்டம் வழியே வெளிக் கல்லூரிகளுக்கும் இடம் தந்துவந்திருக்கிறது. காட்பாடியிலிருந்து இரண்டு ஊருக்கும் காலை ரயிலில் போய்விடலாம். முந்தைய இரவு தயோலில் ஊறிய சில்லை, எத்தனாலோடு குப்பியிலேயே எடுத்துப் போங்கள், கழுவிக் காயவைத்து எடுத்துப் போகாதீர்கள். கூழ்மக் குப்பி தனியாகப் போகட்டும், ஐஸ் பெட்டி வேண்டாம். தூய நீர் 100 மி.லி., 20 மைக்ரோ லிட்டர் பிப்பெட், சிலிக்கான் துண்டு, உரிக்காத சில்லு இரண்டு உபரி. கழுவுவதும் சொட்டு வைப்பதும் கருவி அறைக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும். அங்கே நைட்ரஜன் குழாய் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.